உளவியல் ஆலோசகர் மீது புகார்: எங்கே கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, என் சித்தப்பா மகள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்று, "இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கும்போதே மூச்சு முட்டுதுன்னு சொன்னியாமே" என்று கேட்டார். அந்தச் சொற்களை அவள் கணவரிடம் சொன்னதில்லை, பெற்ற தாயிடமும் சொன்னதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசிய ஓர் அறையில், பணம் கொடுத்துப் பார்க்கப்போன ஆலோசகர் ஒருவரிடம், ஒன்பதாவது அமர்வில் சொல்லியிருந்தாள். அந்த ஆலோசகர் அவளுடைய மைத்துனருக்குத் தெரிந்தவர் என்பது அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது.

மறுநாள் என்னிடம் வந்து, "அக்கா, நான் அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். இதை இப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த சில வாரங்கள் சட்டங்களைப் படித்தும், தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டும், அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசியும் நாங்கள் புரிந்துகொண்டதை, தமிழ்நாட்டில் இதே கேள்வியோடு நிற்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வழிகள் பல இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வழியும் வேறு வேறு ஆட்களுக்கு எதிராகத் திறக்கிறது, வேறு வேறு பலனைத் தருகிறது, வேறு வேறு கெடுவுக்குள் மூடிக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முயன்று களைத்துப்போவதைவிட, நமக்கு எது வேண்டும் என்று முதலில் தெளிவாகிவிட்டுப் போவது நல்லது.

ஆலோசனை பயன் தரவில்லை என்பதும், ஆலோசகர் நெறி தவறிவிட்டார் என்பதும் ஒன்றல்ல. மனத்தைத் திறந்து பேசும் சிகிச்சையில் சில அமர்வுகள் வலிக்கத்தான் செய்யும். கேட்க விரும்பாத கேள்வியை ஆலோசகர் கேட்கலாம். ஆறு மாதம் கழித்தும் மாற்றம் எதுவும் தெரியாமல் போகலாம். அவை புகாருக்கு உரியவை அல்ல, வேறு ஆலோசகரைத் தேடுவதற்கு உரியவை. சொன்னதை வெளியே சொல்வது, பாலியல் நோக்கில் பேசுவது அல்லது தொடுவது, சிகிச்சைக்கு வந்தவரைக் காதல் உறவுக்குள் இழுப்பது, அவரிடம் கடன் வாங்குவது, தொழில் கூட்டு வைத்துக்கொள்வது, இல்லாத தகுதியைப் பலகையில் எழுதிக்கொள்வது போன்றவைதான் நெறிமீறல். இவற்றுக்குச் சிகிச்சைக்கு வந்தவர் சம்மதித்தார் என்பது பெரிய தற்காப்பாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால், தன் பலவீனம் முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்ட பிறகு அவரிடம் மறுப்புச் சொல்வது எளிதல்ல.

அடுத்துப் பார்க்க வேண்டியது, அவர் யார் என்பது. ஊர்ப் பேச்சில் எல்லோரும் "கவுன்சலிங் கொடுக்கிறவர்" என்றாலும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரே இனம் அல்லர். மனநல மருத்துவர் என்றால் அவர் மருத்துவம் படித்தவர், மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். மருத்துவ உளவியலாளர் என்றால், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த, ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் மத்திய பதிவேட்டில் அவர் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். இவ்விரண்டிலும் சேராமல், உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவரும், ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரும், எதுவுமே படிக்காமல் அனுபவத்தைச் சொல்லிக்கொள்பவரும் "உளவியல் ஆலோசகர்" என்ற ஒரே பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. அந்தப் பெயருக்குக் காவல் இல்லை. இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. பிரிட்டனில் 2009 முதல் உளவியலாளர்களின் குறிப்பிட்ட பட்டப்பெயர்கள் சட்டத்தால் காக்கப்பட்டாலும், ஆலோசகர் என்ற பெயரை அங்கும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 2021-இல் இயற்றப்பட்ட துணைநிலை மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ உளவியலாளர் அல்லாத உளவியலாளர்களையும் ஆலோசகர்களில் சில வகையினரையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வந்து, ஆலோசகர் ஒவ்வொருவரின் பெயரும் அதில் ஏறும் காலத்தில் இந்தக் கட்டுரையின் பாதிக்கு வேலை இருக்காது. இன்று புகாரோடு நிற்பவருக்கு அது கைகொடுக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

மனநல மருத்துவர் மீதான புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகள் நோயாளியோடு முறைகேடாக நடப்பதையும், நோயாளியின் இரகசியத்தைத் தக்க காரணமின்றி வெளியிடுவதையும் தொழில்சார் தவறுகளாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. புகாரின் மீது ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. எச்சரிக்கையிலிருந்து பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது வரை கவுன்சில் செய்யலாம். நீக்கினால் அவர் மருத்துவம் பார்க்க முடியாது. "இவர் இன்னொருவருக்கு இதைச் செய்யக் கூடாது" என்பது உங்கள் முதன்மையான விருப்பமானால், இதைவிட நேரான வழி வேறில்லை. ஆனால் கவுன்சில் உங்களுக்கு ஒரு ரூபாய் இழப்பீடும் வாங்கித் தராது. விசாரிப்பவர்களும் மருத்துவர்களே என்பதால் தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கம் நியாயமானதுதான். இருந்தாலும் எழுத்துச் சான்று வலுவாக இருக்கும் புகாரை எவராலும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மருத்துவ உளவியலாளர் என்றால் டெல்லியில் உள்ள ஆர்.சி.ஐ.க்கு எழுத வேண்டும். அவர்களுக்கென்று தொழில்நெறி விதிகள் இருக்கின்றன. விளக்கம் கேட்டபின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் கழகத்துக்கு உண்டு. தூரம் ஒரு சிரமம், தமிழில் எழுதிய மனு அங்கே எவ்வளவு விரைவாக நகரும் என்பது இன்னொரு சிரமம். இதே சட்டத்தின் 13-ஆம் பிரிவுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத் தொகை இன்றைக்கு ஒரு அமர்வின் கட்டணத்துக்குக்கூடக் காணாது என்பது வருத்தம்தான். ஆனாலும் உங்கள் ஆலோசகர் தம்மை மருத்துவ உளவியலாளர் என்று பலகையிலோ, விசிட்டிங் கார்டிலோ, வாட்ஸ்அப் முகப்பிலோ எழுதிக்கொண்டு, பதிவேட்டில் இல்லாமல் இருந்தால், அதைப் படம் பிடித்து வையுங்கள். பின்னால் எந்த வழியில் போனாலும் அந்த ஒரு படம் பேசும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவருக்குத் தம் சிகிச்சை பற்றிய இரகசியத்துக்கு உரிமை தருகிறது. பிறர் உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. 25-ஆம் பிரிவு சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. 28-ஆம் பிரிவு புகாருக்கு மூன்று படிகள் அமைக்கிறது: முதலில் அந்த மனநல நிறுவனத்தின் பொறுப்பாளரிடம், பதில் திருப்தியளிக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடம், அதன் பிறகு மாநில மனநல ஆணையத்திடம். நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை இது பறிப்பதில்லை என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. செலவில்லாத வழி, பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நடந்த தவறுக்கு மிகப் பொருத்தமான வழி.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இந்த வழி இரண்டு இடங்களில் அடைபட்டது. மனநல நிறுவனம் என்றால், மனநோய் உள்ளவர்கள் சேர்க்கப்பட்டோ வைக்கப்பட்டோ பராமரிக்கப்படும் இடம் என்பதே அந்தச் சட்டத்தின் வரையறை. மாடிப்படிக்கு மேல் ஓர் அறையில் மேசையும் மூன்று நாற்காலியும் போட்டு நடக்கும் ஆலோசனை மையம் அதற்குள் அடங்குவது கடினம். இரண்டாவது தடை எனக்கு அதைவிட வலித்தது. அந்தப் புகாரைக் கொடுக்கும் உரிமை "மனநோய் உள்ளவர்" என்ற வரையறைக்குள் வருபவருக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் உரியது. குடும்பச் சண்டையால் மனம் நொந்து ஆலோசனைக்குப் போன ஒரு பெண், தன் இரகசியம் காக்கப்படவில்லை என்று சொல்வதற்காக, தன்னை மனநோயாளி என்று தானே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதம் நாளை விவாகரத்து வழக்கிலோ, குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கிலோ எதிர்த் தரப்பின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அவள்தான் முதலில் கேட்டாள். உண்மையில் நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை, நோய் இழுக்கல்ல. நோய் இல்லாதவர்கள் மட்டும் இந்த வழியில் போகுமுன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பாலியல் தவறு என்றால் கணக்கே வேறு. அங்கே தொழில்நெறி அமைப்புகளுக்கு முன்னால் காவல் நிலையம் வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தல் 75-ஆம் பிரிவின் கீழும், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் வன்செயல் 74-ஆம் பிரிவின் கீழும் வருகின்றன. அதிகாரத்தையோ நம்பிக்கைக்குரிய உறவையோ பயன்படுத்தி ஒரு பெண்ணை இணங்க வைத்து உறவு கொள்வதை 68-ஆம் பிரிவு தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். சம்பவம் நடந்த எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வருகிறது. அப்போது விஷயம் தெரிந்த எவரும் புகார் தந்தே ஆக வேண்டும், பள்ளி நிர்வாகம் தனக்குள் விசாரித்து முடித்துக்கொள்ள வழி கிடையாது.

அதிகம் பேசப்படாத இன்னொரு வழியும் பெண்களுக்கு உண்டு. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அங்கே வேலை செய்பவருக்கு மட்டும் உரியது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட பெண் அந்தப் பணியிடத்தில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டியதில்லை என்று அதன் வரையறையே சொல்கிறது. மருத்துவமனைகளும் அதன் கணக்கில் பணியிடங்களே. எனவே சிகிச்சைக்குப் போன பெண், அந்த மருத்துவமனையின் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் மையம் என்றாலோ, மையத்தின் முதலாளியே குற்றம் சாட்டப்படுபவர் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர் புகார் குழுவிடம் போகலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், பெயர் வெளியே வரக் கூடாது. காவல் நிலைய வாசலை மிதிக்க மனமில்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கெடு மட்டும் மிகக் குறுகியது: கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். நம்பியவர் செய்த துரோகத்தை துரோகம் என்று மனம் ஒப்புக்கொள்வதற்கே பலருக்கு அதைவிட அதிக நாள் ஆகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும். ஆண்கள் இந்தச் சட்டத்தின் கீழ் புகார் தர முடியாது என்பதும் ஒரு பெரிய குறை.

பதிவேடு எதிலும் இல்லாத ஆலோசகர் மீது, பாலியல் சாராத தவறுக்காக என்ன செய்வது என்பதுதான் எங்கள் கேள்வி; தமிழ்நாட்டில் பலருக்கும் அதுவே கேள்வியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அந்தச் சங்கத்துக்கு எழுதலாம். சங்கம் உறுப்பினர் பதவியை நீக்கலாம், அதற்கு மேல் அதனிடம் அதிகாரம் இல்லை. மறுநாளும் அவர் பலகை அங்கேயே தொங்கும். ஆலோசனை ஒரு செயலி வழியாக நடந்திருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புகை தரவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் வேண்டும். இவை இரண்டையும் நான் முன்னேற்பாடுகளாகவே பார்க்கிறேன். எழுதிய கடிதமும் வந்த பதிலும், அல்லது பதிலே வராததும், அடுத்த இடத்தில் சான்றாகும்.

அடுத்த இடம் என்று நான் சொல்வது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேவைக் குறைபாடு மட்டுமல்லாமல், இல்லாத தகுதியைச் சொல்லி ஆளை வரவழைப்பது போன்ற நேர்மையற்ற வணிக நடைமுறையும் புகாருக்கு உரியது. இதன் பெரிய பலம், எதிராளி எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்பது இங்கே பொருட்டில்லை என்பது. பணம் வாங்கினாரா, சொன்னபடி செய்தாரா என்பதே கேள்வி. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்காமலும் நடத்தலாம். ஆலோசகர் எந்த ஊரில் இருந்தாலும், புகார் தருபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. மூன்று மாதக் கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டு ஒரு மூச்சு விடும் இடம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆணையம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், மன உளைச்சலுக்கு இழப்பீடு விதிக்கலாம். அவர் தொழிலை நிறுத்த முடியாது. சட்டம் மூன்று மாதம் என்று சொன்னாலும் வாய்தாக்கள் நீளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பொது மன்றம். அமர்வில் பேசியதை மீண்டும் காகிதத்தில் எழுதி, எதிர்த் தரப்பு வழக்கறிஞர் படிக்கக் கொடுக்க வேண்டும். தீர்ப்பு இணையத்தில் ஏறினால் பெயரும் ஏறும். இரகசியம் கசிந்தது என்று புகார் சொல்லப் போய், கசிந்ததைவிட அதிகம் நாமே ஊருக்குச் சொல்லிவிடும் ஆபத்து இங்கே உண்மையானது. எங்களுக்கு உதவிய வழக்கறிஞர் இதற்கு ஒரு வழி சொன்னார்: மனுவில் என்ன பேசினாள் என்று விவரிக்க வேண்டாம், பேசியது வெளியே போனது என்பதையும் எப்படித் தெரிந்தது என்பதையும் மட்டும் எழுதலாம், உள்ளடக்கம் தேவைப்பட்டால் மூடிய உறையில் தர அனுமதி கேட்கலாம் என்றார். அந்த அறிவுரைக்காக மட்டுமே வழக்கறிஞரைப் பார்த்தது தகும். பணம் இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் விவரம் சொல்வார்கள்.

முகநூலில் பெயரோடு எழுதிவிடலாம் என்பது வீட்டு இளைஞர்கள் சொன்ன யோசனை. அதன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நிரூபிக்கும் முன் பெயரோடு எழுதினால் அவதூறு வழக்கு நம் மீது திரும்பலாம். நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பாதிக்கப்பட்டவரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலை வேண்டாம்.

எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு தேர்வுதான், அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லக் கூடாது. புகார் என்பது மாதக்கணக்கில் அதே காயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேலை. அதற்குத் தெம்பு வரும் வரை, சான்றுகளை மட்டும் சேர்த்து வைத்துவிட்டு, வேறொரு நல்ல ஆலோசகரிடமோ, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இலோ பேசி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கெடுத் தேதிகளை மட்டும் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றுகளைச் சேர்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் ரசீது எதுவும் வாங்கியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அமர்வுக்கும் ஜிபேயில் 1,200 ரூபாய் அனுப்பியபோது குறிப்பில் "கவுன்சலிங்" என்று எழுதியிருந்தாள். பதினான்கு அமர்வு, 16,800 ரூபாய். அந்த ஒரு சொல்தான் பணம் வாங்கிச் செய்த சேவை என்பதற்கு ஆதாரமாக நின்றது. வாட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைப் பையன் கணினித் திரையில் பக்கங்களைத் திறந்தபோது அவள் சட்டென்று கையால் திரையை மறைத்தாள். இன்னொருவரும் படித்துவிடுவார் என்ற பயம். திரும்பி வந்து, அலுவலகத்து அச்சுப்பொறியை இரவல் கேட்டு நானே எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் இதைச் செய்யும்போது முடிந்தால் வீட்டிலேயே அச்செடுங்கள். அந்தக் கைப்பேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு, பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள்.

என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டபோது, முதலில் அவர் செய்தது தவறு என்று யாராவது எழுதித் தர வேண்டும், இரண்டாவது அந்தப் பலகை இறங்க வேண்டும், பணம் மூன்றாவது என்றாள். அந்த வரிசையே எங்கள் முடிவைத் தீர்மானித்தது. அவர் பெயர் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் இல்லை, பலகையில் "மருத்துவ உளவியலாளர்" என்றே இருந்தது. ஆகவே பலகையின் படத்தோடு கழகத்துக்கும் மாநில மனநல ஆணையத்துக்கும் தகவல் கடிதங்கள் அனுப்பினோம். அவருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்தோம். பதில் வராததால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். ஒப்புகை அட்டை அவருடைய கையெழுத்தோடு திரும்பி வந்தது. அது இப்போது மனுவின் ஏழாவது ஆவணம்.